விரதம் என்று சொன்ன பொய்

கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துப் படிக்கும் மாணவி நான். அக்காவின் கலியாணப் படத்தைப் பார்த்த மாமி, “தங்கச்சிதான் அரைவாசிப் படத்தை அடைச்சுக்கொண்டு நிக்கிறாள்” என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டைத் தள்ளினேன். பசித்தால் வேப் என்ற மின்சிகரெட்டை இழுப்பேன். யாராவது கேட்டால், “விரதம்” என்பேன். விரதம் என்றால் எங்கள் ஆட்கள் கேள்வி கேட்பதில்லை, பாராட்டுவார்கள். மாமியும் பாராட்டினார்.

கந்தசஷ்டி முடிந்து எல்லோரும் பாறணை செய்தார்கள். என் விரதம் மட்டும் முடியவில்லை. ஒரு காலை ஸ்டேஷனில் ரயில் வரும்போது கண் இருண்டது. அறைத்தோழி துளசி என் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை. பையிலிருந்து வேப் உருண்டு விழுந்தது.

“இதுதானா உன்ர விரதம்?” என்றாள் துளசி. அன்றே டொக்டரிடம் கூட்டிப் போனாள். நான் எதையும் மறைக்கவில்லை.

வேப்பை விட்டதும் பசி பேய் மாதிரி வந்தது. சாப்பிட்டேன். உடம்பும் வைத்தது. இப்போது நான் விரதம் பிடிப்பதில்லை. முருகன் கோபிக்க மாட்டார். மாமி கோபித்தால் கோபிக்கட்டும்.

போன கிழமை மாமி வீட்டில் சாப்பிட இருந்தபோது, “என்ன பிள்ளை, திரும்ப உடம்பு வைச்சிட்டாய்?” என்றார்.

“ஓம் மாமி. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ” என்று சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.