சூப்பர்வைசர் மேஜைக் கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் எழிலரசி கட்டிலில் போர்வையை விரித்து, கம்ப்யூட்டரைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்தாள். திரையும் மற்ற எல்லாமும் ஒரே உடம்புக்குள் அடங்கிய பழைய ஆல்-இன்-ஒன். கொஞ்ச நேரம் ஓடினாலே கொதித்துத் தானாக அணைந்துகொண்டிருந்தது. பின்மூடியைக் கிளப்ப அவர்கள் வைத்திருந்த கருவி, அம்மா காந்திமதியின் பழைய கம்பெனி அடையாள அட்டை. அதை விளிம்பில் செருகி நெம்பினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். மகள் நெம்பினாள். அம்மா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, கழற்றிய திருகுகளை ஒரு தட்டில் வாங்கி வைத்தாள்.

விசிறியில் லாரித் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. எழிலரசி இறக்கைகள் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் வழித்தாள். பிராசஸர் மேல் காய்ந்து பொருக்காகிவிட்ட பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினாள். கடிகார பேட்டரியையும் மாற்றினாள். அது செத்துப்போனதால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்தபோதும் தேதி பழைய காலத்துக்குப் போய் நின்றது.

"புதுசு வாங்கிடலாம்மா."

"திங்கக்கிழம ஓடுமா ஓடாதா, அத்த சொல்லு" என்றாள் காந்திமதி.

திங்கட்கிழமை வேலை செல்வலட்சுமியுடையது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அடுத்த தெரு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அடிக்கடி பாத்ரூம் போகிறாள் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால்தான் அனுபவச் சான்றிதழ் கொடுப்போம் என்றது அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி. சான்றிதழ் இல்லாமல் அடுத்த கம்பெனி உள்ளே விடாது. திங்களன்று ஏஜென்சிக்குத் தானே கூட வருவதாகவும், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றும் காந்திமதி சொல்லி வைத்திருந்தாள். கையில் கொண்டுபோக ஒரு மனு அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதற்காக.

பாத்ரூம் விவகாரம் என்றால் காந்திமதிக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்பது அவர்கள் ஊரான வடக்குப்பட்டில் தெரியாதவர்கள் குறைவு. செல்போன் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றவள் அவள். லைன் முனையில் சூப்பர்வைசர் மேஜை. மேஜைமேல் இதே ஆல்-இன்-ஒன். யார் எப்போது எழுந்து போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்பது அதில் ஏறும். நேரம் மீறினால் பெயர் சிவப்பாகும். எல்லோரும் பார்க்கட்டும் என்று திரையை லைன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மாதவிடாய் நாளொன்றில் அவள் பெயர் ஷிப்ட் முடியும்வரை சிவப்பாகவே நின்றது. வெளியே போகும்போது நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அந்தக் கம்ப்யூட்டரின் முதுகில் அழுத்திவிட்டு வந்தாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

பிறகு கம்பெனி மூடியது. முதல் நாள் ஓவர்டைம் பார்க்கச் சொன்னவர்கள் மறுநாள் கேட்டைப் பூட்டினார்கள். ஆபீஸ் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அடுக்கியிருந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பொட்டு இருந்ததைத் தூக்கினாள். கடைக்காரர் இதைவிட நல்லது இருக்கிறது என்றாராம்.

"எனக்கு இதான் வோணும். என்னிய எண்ணினது இதான். இனிமே நான் சொல்றத அடிக்கட்டும்."

அடித்தது. வீட்டு முன்னறையில், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு பயோடேட்டாவும் விண்ணப்பமும். அப்பா இறந்த பின் அந்த வருமானத்தில்தான் எழிலரசி டிப்ளமோ முடித்து, ஒரகடம் தொழிற்பேட்டையில் மெஷின் பராமரிப்பு வேலைக்குப் போனாள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டது அவள்தான். மெமரியைக் கூட்டியதும் அவள்தான். பக்கத்தில் ஊதுபத்தி கூடாது, சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்று அவள் சொன்னதை அம்மா தவறாமல் கேட்டாள். ஆனால் காலையில் பெட்டி விழித்துக்கொள்ள நேரம் எடுத்தால் விடமாட்டாள். "எங்கடி போய் நின்ன இவ்ளோ நேரம்? பேரு செவப்பாய்டும்" என்று அதைப் பார்த்து அதட்டுவாள்.

பயோடேட்டாவில் வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் காந்திமதி பொய் அடிக்கமாட்டாள். ஃபோர்மேன் கெட்ட வார்த்தையில் ஏசியதால் விலகியதாக, பயோடேட்டா அடிக்க வந்த இசக்கிபாண்டி சொன்னான். அதையே அடித்தாள். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தான்.

"யக்கா, உங்க கோவத்துக்கு எம் பயோடேட்டாதான் கெடச்சுதா?"

"பொய் அடிக்க வேற கட கீது, போ. அங்க கலர்லயே அடிச்சிக் குடுப்பான்."

போனான். அடுத்த முறை வேலையை விட்டபோது மறுபடி இங்கேதான் வந்தான். திட்டு வாங்கவாவது ஒரு இடம் வேண்டும் என்றான்.

சனிக்கிழமை மதியம் காந்திமதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. கூட்டுரோட்டில் ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நிற்கும் டிரெய்லர்கள். அத்தனை அகலமான சாலையில் ஒரு வண்டிக்கு வழியில்லை. சைரன் கத்திக்கொண்டே நின்றது. எழிலரசி இறங்கி ஓடி பஸ்ஸின் தகரத்தைக் கையால் அறைந்தாள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியவர்கள் கண் திறக்கவில்லை. காலை ஷிப்ட் நின்றுவிட்டு வருகிறவர்கள், அவளைப் போன்றவர்கள். தெரிந்தும் அவர்கள்மேல் ஆத்திரம் வந்தது. ஆஸ்பத்திரியில் 'கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்' என்றார்கள். எழிலரசி சொன்னவரைப் பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு காலை தாய்மாமன் தணிகாசலம் கண்ணீர் அஞ்சலி பேனர் கொண்டுவந்து வாசலில் கட்டினார். அம்மாவின் படம். கீழே பெரிய எழுத்தில் 'பொறுமையின் சிகரமே'.

"யாரு மாமா இது? எங்கம்மா பொறுமயா இருந்து நீ எப்ப பாத்த?"

"சாவு பேனர்ல இன்னா எழுதுவாங்க? சண்டக்காரின்னா?"

"எழுதேன். அதான உண்ம."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழிலரசி பிளேடு எடுத்துவந்து அந்த வரியை மட்டும் அறுத்தெடுத்தாள். அடக்கம் முடியும்வரை பேனர் அந்த ஓட்டையோடுதான் தொங்கியது. வந்தவர்கள் பார்த்தார்கள்.

சாயங்காலம் செல்வலட்சுமி வந்து சுவரோரம் நின்றாள். ஏஜென்சியிலிருந்து போன் வந்ததாம். நாளைக்குக் கையெழுத்து, இல்லையென்றால் சான்றிதழே கிடையாது.

"போட்டுருதேன்க்கா. காந்திம்மா இருந்தா வேற. நான் ஒத்தையில போயி என்னத்த பேச?"

எழிலரசி எழுந்து முன்னறைக்குப் போய்ப் பெட்டியைப் போட்டாள். சாவு வீட்டில் இப்போது எதற்கு இது என்று மாமா கேட்டார். காரியம் முடியாமல் ஊரார் விஷயத்துக்குப் படியிறங்கக் கூடாது, அந்தப் பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டு அழுகிற வழியைப் பார் என்றார்.

"அழுவறதுக்கு நாள் கீது மாமா. இதுக்கு நாளைக்கு ஒரு நாள்தான்."

செல்வலட்சுமியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னாள். அடித்தாள். நடுநடுவே பின்பக்கம் கைவைத்துச் சூடு பார்த்தாள். விசிறி சீராக ஓடியது. பிரின்ட் வந்தது.

ஏஜென்சி ஒரகடத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. திங்கட்கிழமை அது திறந்ததும் காந்திமதி படியேறிப் போய், அந்தப் பெண்ணை நிறுத்திய காரணத்தைச் சான்றிதழில் உள்ளபடி எழுதித் தரச் சொல்வதாக இருந்தது. அந்த வேலை இப்போது எழிலரசிக்காக அப்படியே நிற்கிறது.