டத்தோ கிராமாட்டில் ஓர் ஆகாயப்படை மாப்பிள்ளை

பினாங்குப் பாலம் இன்னும் திறக்கப்படாத எண்பதுகளின் தொடக்கம், பள்ளி விடுமுறை. தைப்பிங்கிலிருந்து நானும் அப்பாவும் பினாங்குக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, எனக்கு மாப்பிள்ளை பார்க்க. பையன் ஆகாயப்படை என்று தரகர் சொல்லியிருந்தார். அப்பாவுக்குச் சீருடை போட்ட எல்லாருமே அஸ்கார்தான், அதாவது தரைப்படைச் சிப்பாய். "கப்பல்ல போறவன் மட்டும் வேண்டாம்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பெண்ணைக் கூட்டிப்போவது வழக்கமில்லை. அப்பாவைத் தனியாக விட்டால் என்ன கேட்பாரோ என்று நானே ஒட்டிக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்குப் பேருந்து. பட்டர்வொர்த் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கிருந்து தீவுக்குப் போகும் பெர்ரிக்கு நாற்பது காசு, இருபது நிமிடம். (தீவிலிருந்து திரும்பும்போது கட்டணம் கிடையாது.) படகுத்துறையிலிருந்து மாப்பிள்ளை வீடு இருந்த டத்தோ கிராமாட்டுக்கு டாக்சி நான்கு வெள்ளி.

"தம்பி, ஆகாயப்படைன்னா தினமும் பறக்கணுமா?" என்று அப்பா டாக்சிக்காரரைக் கேட்டார்.

"தெரியாதுலா, அண்ணே. எனக்கு டிராபிக் போலீஸை மட்டும்தான் தெரியும்."

மாப்பிள்ளை சேகரன் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் அம்மா தேநீர், வடை, பிஸ்கட் எல்லாம் ஒரே தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"எத்தனை தடவை பறந்திருக்கீங்க?" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நான் பறக்கறதில்ல, அங்கிள். விமானத் தளத்துக்குக் காவல். துப்பாக்கியோட நிப்பேன்."

"அப்ப அஸ்கார்."

"இல்ல அங்கிள், ஆகாயப்படை."

"தரையிலதானே நிக்கறீங்க?"

சேகரன் தட்டை முன்னால் இழுத்தார். வடை தரைப்படை, காட்டிலும் எல்லையிலும் சண்டை போடும். தேநீர் கடற்படை. பிஸ்கட் விமானம். "இந்த பிஸ்கட்டை யாரும் தொடாம பாத்துக்கறதுதான் என் வேலை."

அப்பா உன்னிப்பாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே ஆகாயப்படையை எடுத்துக் கடற்படையில் முக்கித் தின்றார். "புரிஞ்சுது. கப்பல் இல்ல."

"இல்ல அங்கிள். ஆனா ஒண்ணு சொல்லணும்." இப்போது என்னைப் பார்த்தார். "அடுத்த வருஷம் என்னை லாபுவானுக்கு மாத்தறாங்க. சபா பக்கத்துல ஒரு தீவு. மூணு வருஷம்."

அப்பாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"கல்யாணம் முடிஞ்சு சொல்லலாம்னேனேடா" என்றது அடுப்படிக் குரல்.

"அப்புறம் சொன்னா ஏமாத்தின மாதிரி ஆயிடும்மா."

ஆறு வருடமாக ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் பாடம் நடத்துகிறேன். "அங்க எனக்கு வேலை கிடைக்குமா?" என்றேன்.

"கேட்டுப் பாக்கலாம். கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க முடியாது."

என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய்கூடச் சொல்லவில்லை இந்த மனிதர். "எனக்குச் சரிப்பா" என்றேன். அப்பாவுக்குப் புரையேறியது.

இப்படிப் பெண் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: எந்தப் படை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே என்ன வேலை, அடுத்த மாற்றல் எங்கே என்றும் கேளுங்கள். லாபுவானுக்குப் பறப்பதாக இருந்தால் ஜன்னல் ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கல்யாணமாகிப் போன எனக்கு அது முதல் விமானப் பயணம். மேகத்திலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை. பக்கத்தில் என் ஆகாயப்படை வீரர், கண்களை இறுக மூடிக்கொண்டு, தரை இறங்கும்வரை என் கையை விடவே இல்லை.