பிளேடு மச்சானின் தழும்பு

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபமும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. பொறாமை. கலப்படமில்லாத வயிற்றெரிச்சல். அதுவும் யார் மேல்? கட்டின பெண்டாட்டியின் சொந்தத் தம்பி மேல்!

மெக்கானிக்கின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் ஒரு தழும்பு உண்டு. அவருக்கு இருந்த ஒரே சொத்து அதுதான் என்றுகூடச் சொல்லலாம். "மூணு பேரு கத்தியோட வந்தானுங்க, நான் ஒத்தை ஆளு" என்று அவர் ஆரம்பித்தால் டீக்கடையில் நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். பெண்டாட்டியையே அந்தக் கதையைச் சொல்லித்தான் மடக்கினார். அப்பேர்ப்பட்ட தழும்பைத்தான் மச்சான் திருடிவிட்டான்.

மச்சான் இப்போது பெரிய ராப் பாடகன். மேடைப் பெயர் பிளேடு. "பிளேடாம் பிளேடு! மைக்கைப் புடிச்சு அவன் போடுறதும் அதானே" என்று மெக்கானிக் பல்லைக் கடிப்பார். உண்மையில் அவன் பல் டாக்டர் பிள்ளை. ஏசி ரூமில் வளர்ந்தவன். பாலில் ஆடை மிதந்தால் தொடமாட்டான், அக்காக்காரி வடிகட்டித் தரணும். கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நின்று கத்துவான். அந்தப் பயல் இன்றைக்கு, முழங்கால் வரைக்கும் தொங்குகிற சட்டையும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக நின்றுகொண்டு, 'சந்துல பொறந்தேன், சாவைத் தொரத்துனேன், கன்னத்தைக் கேளு, கத்தி சொல்லும்' என்று பாடுகிறான்.

பாட்டு வராது என்று சொல்லவில்லை. வார்த்தையெல்லாம் அவன் வாயில் இடறாமல் தடதடவென்று ஓடும், அதை மெக்கானிக்கே ஒப்புக்கொள்வார். ஆனால் ராப் பாடுகிறவன் ரவுடி மாதிரி இருந்தால்தான் ஜனம் நம்பும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பல் டாக்டர் வீட்டில் ரவுடிக்கு எங்கே போவது? ஒரு போட்டோவை மாதிரிக்கு வைத்துக்கொண்டு மேக்கப்காரர் அவன் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். அது யார் போட்டோ என்று வேறு சொல்ல வேண்டுமா?

அன்றிலிருந்து போகிற கட்டிடத்தில் எல்லாம் இதே பேச்சு. "என்னண்ணே, இந்த வயசுல பிளேடு ஸ்டைலா? ஒட்டினதா, வரைஞ்சதா?"

"நிஜம்டா!"

"சரிண்ணே, சரிண்ணே" என்று சிரிப்பார்கள். ஒரு வாட்ச்மேன் நகத்தால் சுரண்டியே பார்த்துவிட்டார். போதாக்குறைக்கு ஒரு கடை வளாகத்தில் லிஃப்ட் கதவு முழுக்க மச்சானின் முகம், ஏதோ குளிர்பான விளம்பரம். கதவு திறந்தால் மூஞ்சி ரெண்டாகப் பிளக்கும், மூடினால் ஒன்றாகச் சேரும். பழுது பார்க்கப் போனவர் ஒரு பக்கக் கதவை மட்டும் மயிரிழை இறக்கி வைத்துவிட்டு வந்தார். லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்லை, பிளேடுக்குத்தான் மூக்குக் கோணிக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் ரெண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்.

இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். மகள் விஷயத்தில்தான் மனுஷன் நொறுங்கிப்போனார். அந்தக் குட்டி ஒருநாள் கண்மைப் பென்சிலால் கன்னத்தில் கோடு இழுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றது. அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அப்பா மாதிரியா, கண்ணு?"

"ஐயே, இல்லப்பா. மாமா மாதிரி."

அவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு மாமனைவிடத் தான் பெரிய ஆளாகத் தெரியணும், ஒரே ஒரு நாளாவது தெரியணும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்கு வாய்ப்பும் தானாக வந்தது. 'பிளேடு வளர்ந்த வீடு' என்று டிவிக்காரர்கள் படம் பிடிக்கணுமாம். பல் டாக்டரின் மாடி வீட்டைக் காட்டினால் மானம் கப்பலேறிவிடாதா? மச்சான் வந்து தலையைச் சொறிந்தான்.

"அத்தான், உங்க வீட்டைக் கொஞ்சம்..."

"ஏன், தழும்பு பத்தலையா? வீடும் வேணுமா? அப்படியே என் சம்பளத்தையும் எடுத்துக்கோ!"

"அதை வெச்சுக்கிட்டு நான் என்ன அத்தான் பண்றது?"

அவன் வெகுளியாகத்தான் கேட்டான். இவருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஆனாலும் சரி என்றார். கேமராவுக்கு முன்னாலேயே இவன் முகமூடியைக் கிழிக்கணும், மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழிக்கணும்!

டிவிக்காரர்கள் வந்தார்கள். வீட்டுக்காரனிடம் சொல்லிச் சொல்லி இவர் வாய் வலித்த அந்த ஓதம் பிடித்த சுவர், கேமராக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மச்சான் அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்தான். மகள் ஓடிப்போய் அவன் மடியில் ஏறிக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த மெக்கானிக்கின் அக்கா எல்லாருக்கும் காபி கொடுத்தார்.

பேட்டி எடுக்கிற பெண் ரெண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட, உங்களுக்கும் அதே இடத்துலயா சார்?"

"என்னோடதுதாம்மா நிஜம்" என்றார் மெக்கானிக். "அவனோடது வெறும் மை. துடைச்சுப் பாருங்க."

மச்சானின் முகம் வெளிறிப்போனது. அந்தப் பெண்ணுக்கோ ஏக குஷி, மைக்கை இவர் பக்கம் திருப்பினாள். "அப்ப உங்களுக்கு எப்படி சார் ஆச்சு?"

"மூணு பேரு கத்தியோட வந்தானுங்க, நான் ஒத்தை ஆளு..."

பின்னாலிருந்து அக்கா குபீரென்று சிரித்துவிட்டார். "கத்தியா? டேய், தடுப்பூசி போட வந்தாங்கன்னு பயந்து ஓடி, தகரக் கதவுல கிழிச்சுக்கிட்டியே! ஊரே சிரிச்சுதே!"

ஐயோ! மெக்கானிக்குக்குக் காது அடைத்துப்போனது. மகள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாகத் தான் போட்ட லிஃப்டே தன் தலையில் விழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

மச்சான் மடியிலிருந்து குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தான். கர்ச்சீஃபை எடுத்துக் கன்னத்தை அழுத்தித் துடைத்தான். கோடு கரைந்து கறுப்பாக இழுபட்டது.

"அத்தான் சொன்னது உண்மை, இது மைதான். அவரோட அக்கா சொன்னதும் உண்மை. ஆனா அது பழைய காயம். அப்புறம் ஒருதரம் என்னை வெட்ட வந்தானுங்க. அத்தான் நடுவுல பாஞ்சாரு, அதே இடத்துல விழுந்துச்சு. என் கன்னத்துல விழ வேண்டிய வெட்டு. அதை மறக்கக் கூடாதுன்னுதான் தினமும் வரைஞ்சுக்கறேன்."

எவனும் வரவும் இல்லை, வெட்டவும் இல்லை. அக்கா வாயைத் திறந்தார், மெக்கானிக்கின் பெண்டாட்டி அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். டிவிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் ஓடிவந்து அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

படம் டிவியில் வந்தது. மை துடைத்த மச்சானைப் 'பாசக்காரன்' என்று ஊரே கொண்டாடியது, அவன் மவுசு முன்னைவிடக் கூடிப்போனது. கட்டிடங்களில் இவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். "பிளேடோட அத்தான்!" என்று ஓடிவந்து கைகுலுக்கினார்கள். இவர் இத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்ன பொய்யைச் சொந்த அக்காவே நம்பவில்லை, அந்தப் பயல் ஒரே ஒருதரம் சொன்னான், ஊர் உலகமே நம்பிவிட்டது. அவன் காப்பாற்றினானா, கெடுத்தானா என்று அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்து மடியில் ஏறிக்கொண்டாள். "அப்பா, தழும்புக் கதை சொல்லுப்பா."

மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு பேரு கத்தியோட வந்தானுங்க, நான் ஒத்தை ஆளு..."

"அப்படி இல்லப்பா" என்று அவள் வாயைப் பொத்தினாள். "மாமா சொன்ன மாதிரி சொல்லு."

அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க மாமாவை வெட்ட வந்தானுங்க..."