வலது கால்

திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். பெயர்பெற்ற ராக் குழுவொன்று பேருந்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடிய வருடங்கள். பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர், பொன்முடி மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவராம். பாட்டுக்கெல்லாம் அசையவில்லை. திரையில் பேருந்து வளைவில் திரும்பினால் மட்டும் அவருடைய வலது கால் தரையை அழுத்தும், என் இருக்கையும் ஆடும். எரிச்சலாக இருந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின.

“சாரே, டிரைவர் பேரு வருதா, ஒண்ணு பாருங்க. எனக்குக் கண்ணு எட்டல.”

சமையல்காரர் பெயர்கூட வந்தது. ஓட்டுநர் பெயர் வரவில்லை. சொல்லத் தயங்கினேன்.

“போட்டும் சாரே. எல்லாரையும் பத்திரமா வீடு சேத்துட்டான் அல்லே?”

அதன்பிறகுதான் அந்தக் காலைத் தரையிலிருந்து எடுத்தார்.