நெற்றி இல்லாத படம்

அப்பா செத்து ஒரு வருடம். ஆட்டத்திவசத்துக்கு வைக்க அவருடைய படம் ஒன்று இல்லை. இருந்த ஒரேயொரு கல்யாணப் படமும் புயலில் கூரை போன அன்று ஊறிக் கரைந்துபோனது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கமராவுக்கு முன்னால் நின்றதேயில்லை. மூதூருக்குக் கடலில் ஆள் ஏற்றிப் போகிற லோஞ்சின் இயந்திர அறைக்குள் சீவியத்தைக் கழித்த மனிதரை யார் படம் பிடிப்பது? கதிரையில் வெள்ளைத் துணி விரித்து, படத்தை வைத்து, நெற்றியில் சந்தனப் பொட்டிட்டு, முன்னால் இலை போடவேண்டும். படமில்லாமல் சோற்றை யாருக்குப் படைப்பது என்று அம்மா அழுதார்.

தம்பி கொழும்பில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவைக் கீறிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினேன். திவசத்தன்று விடிய ரயிலில் வந்திறங்கி, சுற்றியிருந்த தாளைப் பிரித்தான்.

பலகை முழுக்கக் கறுப்பு. ஒரு மூலையில் துரு நிறம். மேலே சரிவாக ஒரு வெள்ளைக் கீற்று. அவ்வளவுதான். தலைகீழாகப் பிடித்திருக்கிறானோ என்று திருப்பிப் பார்த்தேன். அப்படியும் கறுப்புத்தான்.

"என்னடா இது?"

"அப்பா."

"அப்பாட முகம் எங்க?"

"முகத்தைக் கீறினா அது ஆரோ ஒரு ஆம்பிளை, அண்ணை. இதுதான் அப்பா. கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருங்கோ."

பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா கொழும்புக்கு அனுப்பிப் படிப்பித்தோம்? குசினிச் சுவரில் அடுப்புக்கரியால் நானே இதைவிட நன்றாகக் கீறியிருப்பேன். ஆனால் அவனுடைய கண்கள் சிவந்து கிடந்தன. ஏமாற்றுகிறவனின் முகம் அல்ல அது. அதுதான் என்னைக் குழப்பியது.

ஐயர் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அதையே கதிரையில் வைத்தோம். அவர் சந்தனத்தை விரலில் தொட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போய் அப்படியே நின்றார். விரல் மேலே போனது, கீழே வந்தது.

"தம்பி, இதில நெத்தி எது?"

இனசனம் முழுதும் எங்களைப் பார்த்தது. அம்மாதான் எழுந்து வந்து, ஐயரிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, அந்தக் கறுப்பில் ஓரமாக எங்கோ ஒரு பொட்டை வைத்தார்.

"ஏனம்மா அதில வைச்சனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். கை அங்க போச்சு."

இப்படியே விட ஏலாது என்று முடிவுசெய்தேன். கடைப் பலகைகள் எழுதுகிற ஒருவர் டவுனில் இருந்தார். அடையாளம் சொன்னால் செத்தவர்களையும் கீறித் தருவார். அகன்ற நெற்றி, தடித்த மீசை, புருவத்தில் பழைய வெட்டுக்காயம் என்று நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கீறினார். கடைசியில் தன் வழக்கப்படி கோட்டும் டையும் போட்டுவிட்டார். அவர் கீறுகிற செத்தவர்கள் எல்லோருக்கும் அதே கோட்டுத்தான். அப்பா சட்டை போடுவதே அருமை. ஆனாலும் முகம் முகம்தானே என்று சந்தோஷமாகக் கொண்டுவந்தேன்.

அம்மா படத்துக்கு முன்னால் வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். வெளி ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் செய்வார்.

"நல்ல வடிவான மனிசன்," என்றார்.

அது முன்கூடத்தில் தொங்கியது. கறுப்புப் படம் அம்மாவின் அறைக்குப் போனது. ஒரு மத்தியானம் அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முழுகிய தலையை விரித்துப்போட்டபடி அம்மா அந்தக் கறுப்பை ஏசிக்கொண்டிருந்தார். "எண்ணெய்க் கையோட வந்து கட்டிலில இருக்காதேங்கோ எண்டு எத்தின தரம் சொல்லுறது?" அம்மாவுக்கு மனம் பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். அன்று பின்னேரமே மீன்காரனை ஒரு பிடி பிடித்து விலையைக் குறைத்தார். பேதலித்தவர் செய்கிற வேலையா அது?

அடுத்த திவசத்துக்கு வந்த தம்பியிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. அதில என்னத்தைக் கீறினனீ?"

"வெயிலுக்க இருந்து லோஞ்சுக்குள்ள இறங்கினா முதல்ல ஒண்டும் தெரியாதெல்லே. ஆனா அப்பா அங்க இருக்கிறாரெண்டு தெரியும்."

நானும்தான் அப்பாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு இறங்கியிருக்கிறேன். எனக்கு அவருடைய முகம் தெரிந்ததாகத்தான் ஞாபகம். இரண்டு பேரும் ஒரே லோஞ்சுக்குள்தானா இறங்கினோம்?

கோட்டுப் போட்ட படத்தைக் கதிரையில் வைத்தேன். ஐயருக்குப் பெரிய ஆறுதல். நேரே போய் நெற்றியில் பொட்டிட்டார். சோறு, கறி, வடை, மோதகம் எல்லாம் படைத்து முடிந்ததும் அம்மா இன்னொரு வாழையிலையை எடுத்து முதலிலிருந்து போடத் தொடங்கினார்.

"இது ஆருக்கம்மா?"

"அந்த மனிசனுக்குப் போட்டாச்சுத்தானே. உங்கட அப்பாவுக்கு நான் உள்ளுக்க குடுக்கிறன்."

இலையை ஏந்திக்கொண்டு அறைக்குள் போனார். தம்பி எழுந்து பின்னால் போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். இருவரும் அந்தப் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்கள். கறுப்பு, துரு, வெள்ளைக் கீற்று, காய்ந்துபோன சந்தனம். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு அங்கே ஒருவரும் தெரியவில்லை.

அவர் எனக்கும் அப்பாதானே.