வாயைத் திறந்தால் புள்ளி கேட்பார்கள்

பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் பேசமாட்டார்கள் என்று நினைப்பவர், நாங்கள் கடல்கடந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கிளினிக்கில் ஒரு நாள் நின்று பார்க்கவேண்டும். நான் அங்கே டொக்டருக்கு உதவியாளர். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, விளக்கைத் திருப்புவது, கேட்ட கருவியை எடுத்துக் கொடுப்பது என் வேலை. என் மகள் ஆரணியும் பல் மருத்துவத்துக்குத்தான் படிக்கிறாள் என்று எப்படியோ கசிந்துவிட்டதால், வருகிறவர்களுக்கெல்லாம் அவளுடைய பரீட்சைப் புள்ளி நிலவரம் சொல்வதும் என் தலையில் விழுந்தது. கல்யாண வீட்டிலும் கடை வரிசையிலும் பிள்ளையின் புள்ளி கேட்டு வதைக்கப்படும் பெற்றோரே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

கடைவாய்ப்பல் கேக்

எங்கள் ஊரில் பள்ளி முடிவில் வரும் ஏ.எல். பரீட்சையில் நல்லாய்ச் செய்து பல் மருத்துவ பீடத்துக்கு எடுபட்டால் முடிந்தது கதை. இங்கே அப்படியில்லை. முதலில் வேறொரு பட்டப்படிப்பு. அதில் வருடாவருடம் எடுக்கும் புள்ளியைப் பார்த்துத்தான் நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள். ஆரணி பள்ளிக்கூடத்தில் வாங்கிய தொண்ணூற்றாறை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் நான் என் கணவருக்குச் சொல்லாமல் விடவில்லை. அவர் காதில் ஏறவில்லை.

ஆரணிக்கு உயிரியல் படிக்க இடம் கிடைத்த கிழமையே சொந்தபந்தத்தை அழைத்து, கடைவாய்ப்பல் வடிவத்தில் ஒரு கேக்கும் செய்வித்துவிட்டார். அதன்மேல் நீலக் கிரீமில் 'டொக்டர் ஆரணி' என்று எழுதியிருந்தது. வந்த சனம் எல்லாம் அவளுக்குக் கைகொடுத்து, இனிப் பல்லைக் காட்டினால் காசு வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனது. எங்கள் கிளினிக்கின் டொக்டர் நிரூபாவும் வந்திருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கேக்கைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு என் கணவரிடம் மெல்லச் சொன்னார்: "அண்ணா, இது டென்ரிஸ்ட்ரி இல்லை. டென்ரிஸ்ட்ரிக்கு அப்ளை பண்ணுறதுக்குப் படிக்கிற படிப்பு. பரவாயில்லை, கேக் சுப்பர்."

நல்லா எண்டால் எவ்வளவு?

சிவபாதம் அங்கிள் ஒஷாவாவிலிருந்து வருபவர். வழியில் எத்தனையோ பல் வைத்தியர்கள் இருந்தும் எங்களிடம்தான் வருவார். தன் பிள்ளைகளை எல்லாம் படிப்பித்து முடித்துவிட்டதால், ஊரார் பிள்ளைகளின் புள்ளிதான் இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. முதல் வருட முடிவில் ஆரணிக்கு இரசாயனவியலில் கிடைத்தது அறுபத்திரண்டு. வீட்டில் அந்த எண்ணை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேக் வெட்டின கத்தியைக்கூட என் கணவர் மேசை இழுப்பறை லாச்சியின் அடியில் தள்ளி வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அங்கிளுக்குப் பல் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. நாற்காலியைச் சாய்க்கும்போதே அவர் தொடங்கப் பார்த்தார். நான் குழாயை வாய்க்குள் வைத்துவிட்டேன். அவர் அதைத் தன் கையாலேயே எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு மகளின் பாடு என்ன என்று கேட்டார். "நல்லாச் செய்யிறா அங்கிள்" என்றேன். கண்ணாடியைக் கழற்றியிருந்தும் என்னைக் கூர்ந்து பார்த்துச் சொன்னார்: "நல்லா எண்டால் எவ்வளவு, பிள்ளை? ஆக்கள் நல்லாச் செய்யிறா எண்டு சொல்லத் தொடங்கினால் எனக்குப் பயம் வாறது."

ஐந்தாவது பாடம்

இரண்டாம் வருடம் சேதன இரசாயனம் என்கிற ஓர்கானிக் கெமிஸ்ட்ரி அவளை உலுக்கி எடுத்தது. பாதியில் அந்தப் பாடத்தை விட்டுவிட்டு மற்ற நான்கிலும் தொண்ணூறு எடுக்கலாம் என்ற யோசனை வீட்டில் ஓடியது. எனக்கும் அது நல்ல புத்தியாகத்தான் பட்டது.

ரெக்ஸ்டேலிலிருந்து வரும் ஒரு அம்மா, பல்லுக்கு உறை போட வந்து காத்திருந்தபோது கதையோடு கதையாகத் தன் மகனைப் பற்றிச் சொன்னார். அவனும் அப்படித்தான் ஒரு பாடத்தை விட்டானாம். மற்ற நான்கிலும் திறமான புள்ளி. ஆனால் விண்ணப்பித்த இடத்தில் ஐந்து பாடமும் முழுதாக எடுத்த வருடத்தைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். அவனுடைய மிகச் சிறந்த வருடம் அப்படியே வீணாய்ப் போயிற்று. நான் உடனே கருவிகள் அவிக்கும் அறைக்குள் போய், விட்டுவிடாதே என்று சொல்ல ஆரணிக்குப் போன் எடுத்தேன். "அம்மா, நான் ட்ரொப் பண்ணேல்லை. எனக்கு அது விளங்கத் தொடங்கிட்டுது. இப்ப விட்டால் எனக்கே என்னிலை கோபம் வரும்" என்றாள். நான் கேட்காமலே, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே எடுத்த முடிவு.

வெளியே வந்து அந்த அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் கைப்பையின் வாரைப் பார்த்தபடி சொன்னார்: "அவன் விடமாட்டன் எண்டுதான் நிண்டவன். ட்ரொப் பண்ணச் சொன்னது நான்தான், தங்கச்சி."

கேட்கப்படாத கேள்வி

சேதன இரசாயனத்தில் எண்பத்தைந்து வந்தது. மூன்றாம் வருடம் எல்லாமே தொண்ணூறுக்கு மேல். அந்தத் துணிவில் விண்ணப்பித்தாள். ஒரு இடத்திலிருந்தும் நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. முதல் வருடப் புள்ளி மொத்தச் சராசரியைக் காலில் பிடித்து இழுத்துவிட்டது. இன்னொரு வருடம் படித்து, இன்னொருமுறை போடுவேன் என்றாள். அதுவும் சரிவராவிட்டால் என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் இதை டொக்டர் நிரூபாவிடம் சொன்னேன். அவர் புட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நானும் ரெண்டாம் தரம்தான் எடுபட்டனான். இண்டைவரைக்கும் ஒரு பேஷன்ரும் எத்தினையாம் தரம் எண்டு கேட்டுப்போட்டு வாயைத் திறக்கேல்லை."

விறைத்த வாய்

அடுத்த வருடம் ஆரணி நேர்முகம் வரை போய் வந்தாள். முடிவுக்காக வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நாட்களில், சிவபாதம் அங்கிளுக்கு ஒரு பல் அடைக்க வேண்டி வந்தது. ஊசி போட்டு ஒரு பக்கம் நன்றாக விறைத்துவிட்டது. டொக்டர் பல்லைக் குடைந்துகொண்டிருக்க, நான் குழாயோடு நிற்கிறேன். அறை வாசலில் ஆரணி.

வேலை நேரத்தில் நான் போன் எடுக்கமாட்டேன் என்று தெரிந்து, கம்பஸிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தபடி அழுகிறாள், சிரிக்கிறாள். டொக்டர் கருவியை நிறுத்திவிட்டு எட்டி வாசித்து, "ஆரணி, யூ கொட் இன்! இடம் கிடைச்சிட்டுது!" என்று கத்தினார். எனக்குக் கையுறையோடு கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, குழாயைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அது பாட்டுக்குக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

நாற்காலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வாழ்த்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். விறைக்காத பக்கத்தால் அங்கிள் கேட்டார்: "எவ்வளவு மாக்ஸ்?" இந்தமுறை நான் மறைக்கவில்லை. "முதல் வருஷம் கெமிஸ்ட்ரிக்கு அறுபத்திரண்டு, அங்கிள்" என்று தொடங்கி, எண்பத்தைந்தையும் தொண்ணூறுகளையும், ஒரு அழைப்பும் வராத வருடத்தையும் வரிசையாகச் சொன்னேன். காத்திருப்போர் பக்கம்கூடக் கேட்டிருக்கும். அவர் கோணிய வாயோடு சொன்னார்: "அறுபத்திரண்டிலையிருந்தோ ஏறினவ? அப்ப இனி என்ரை பல்லு அவவின்ரை பொறுப்பு."

நாலு வருடமாக யார் கேட்டும் வாயைத் திறக்காத நான், இப்போது கடை வரிசையில் முன்னால் நிற்பவரைத் தோளில் தட்டித் திருப்பி, அந்த அறுபத்திரண்டிலிருந்தே கதையைத் தொடங்குகிறேன்.