முப்பத்தோராம் நம்பர்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நான் வீட்டில் பார்த்த ஒரே வேலை, உம்மாவுக்குக் கோபமூட்டுவது. இது மூன்று மாதம் தாங்காது என்று கண்ட உம்மாதான், கல்முனையில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் நம்பர் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்து வந்தார். வாப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். என்னைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்தாலும் அன்றோடு வேலை முடிந்தது.

முதல் வாரம் நான் படுமுட்டாள். காலையில் போனில் நம்பர் கேட்ட பெண்களிடம் பெயர் கேட்டேன். எங்கள் ஊரில் எந்த உம்மா முன்பின் தெரியாத குரலுக்குத் தன் பெயரைச் சொல்வார்? பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். பிறகு யாருடைய உம்மா என்று கேட்டு எழுதினேன். பின்னேரம் "றிஸ்வான்ட உம்மா" என்று கூப்பிட்டதும் மூன்று பேர் எழும்பி வந்தார்கள். அதன் பிறகுதான் பிள்ளையின் பெயரோடு வீதியையும் எழுதக் கற்றேன். இரண்டாம் மாதத்தில், போனில் குரலைக் கேட்டே யாருக்கு நோய், யாருக்கு வெறும் பயம் என்று பிரித்துச் சொல்வேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அப்படியிருக்க ஒருநாள் மாமி வந்தார். வாப்பாவின் ராத்தா, மூத்த சகோதரி. அவர் சொல்லை வாப்பா ஒருநாளும் தட்டியதில்லை. நம்பர் எடுக்காமல் வந்தவர், வட்டிலப்ப இனிப்புக் கிண்ணத்தை என் மேசையில் வைத்து, முழங்கால் வலிக்கிறது, அடுத்ததாக உள்ளே விடு என்று காதுக்குள் சொன்னார். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரரை அப்படித்தான் விட்டார்கள். ஆனால் அடுத்த நம்பர், தூரத்துத் தம்பிலுவிலிலிருந்து பகலே வந்து காத்திருந்த ஒரு தாயுடையது. மடியில் காய்ச்சல்காரப் பிள்ளை. அவர் என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகப்போகிறது என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"கோவிக்காதீங்க மாமி. உங்கட நம்பர் முப்பத்தொண்டு. ஃபேனுக்குக் கீழ இரிங்க, நான் கூப்பிடுறன்."

மாமி போய் உட்கார்ந்தார். டொக்டர் அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்த பிறகே அவர் முறை வந்தது. அதுவரை என் பக்கம் திரும்பவேயில்லை. போகும்போது வட்டிலப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தம்பி, உன்ட மகளுக்கு மாமியும் ஒண்டுதான், ஊராரும் ஒண்டுதான். நம்பர் எண்டா நம்பர்தான்."

வாப்பா "ஓம்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வேலைக்குப் போகவில்லையா என்று என்னைக் கேட்டார். மாமியின் முறைப்பாடு அவர் காதில் சரியாக விழவில்லை, தப்பினேன் என்று அவசரமாகப் பின்னால் ஏறிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு வருமுன்பே மாமி இன்னும் நாலு வீட்டில் இதையே சொல்லிப் பெருமையடித்துவிட்டு வந்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.